சின்ன ஓஎஸ்ஸுக்கு எல்லா செட்டிங்ஸும் ஒரே மெனுல – எப்படி டிசைன் பண்றது?

ரன்லூப்:
வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா கேக்கப்போறேன் பொறுத்துக்கோங்க.

ஒரு குட்டி ஆர்டிஓஎஸ் (நேரம் தவறாம வேலைய முடிக்கற சின்ன ஓஎஸ்) எழுதிட்டு இருக்கேன், ஓடறது எஸ்டிஎம்32எஃப்103 சிப்ல, 64 கேபி ஃபிளாஷ், 20 கேபி ரேம். கர்னலும் டிரைவரும் ஓரளவு நிலைக்கு வந்தாச்சு, இப்ப தலைவலி செட்டிங்ஸ் தான். சீரியல் போர்ட் வேகம் ஒரு ஹெடர் ஃபைல்ல டிஃபைனா கிடக்கு, நெட்வொர்க் அட்ரஸ் எல்லாம் ஃபிளாஷ்ல ஒரு இடத்துல ஸ்ட்ரக்டா அப்படியே கொட்டி வெச்சிருக்கு, லாக் லெவல் கன்சோல்ல கமாண்ட் குடுத்தா மாறும் ஆனா ரீபூட் ஆனா போயிடும், பிரைட்னஸ டிஸ்ப்ளே டிரைவரே தனியா எங்கயோ சேவ் பண்ணிக்குது. ஆளாளுக்கு நாட்டாமை.

இது எல்லாத்தையும் ஒரே மெனுக்குள்ள கொண்டு வரணும். சீரியல் கன்சோல்லயும் தெரியணும், 128க்கு 64 எல்சிடில ஒரு நாப் திருப்பி அழுத்தினாலும் வேலை செய்யணும், பின்னாடி வெப் பேஜ் வந்தாலும் வரும். எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்? கேகான்ஃபிக் (லினக்ஸ் கர்னல் பில்டுக்கு ஆப்ஷன் தேர்ந்தெடுக்கற சிஸ்டம்) போட்டா போதும்னு ஒருத்தர் சொன்னார், அது சரிப்படுமா?

ஹெக்ஸ்டம்ப்:
முதல்ல ஒரு கோடு போட்டுக்கோங்க பாஸ். கேகான்ஃபிக் பில்ட் பண்ற நேரத்துக்கான சாமான். எந்த டிரைவர் இமேஜுக்குள்ள வரணும், ஸ்டாக் சைஸ் எவ்ளோ, டிக் ரேட் என்ன, இதெல்லாம் அங்க. ஸெஃபிர், நட்எக்ஸ், இஎஸ்பி-ஐடிஎஃப், பில்ட்ரூட், யூ-பூட் மாதிரி எம்பெடட் ப்ராஜெக்ட்காரங்க எல்லாரும் அதைத்தான் வெச்சிருக்காங்க. ஃப்ரீஆர்டிஓஎஸ் அதுகூட இல்லாம ஒரே ஒரு ஹெடர் ஃபைல வெச்சே ஓட்டிடுது. நீங்க கேக்கறது டிவைஸ் கைக்கு வந்தப்புறம் யூசர் மாத்தறது. ரெண்டுக்கும் பேர் மட்டும் தான் ஒண்ணு.

ஆனா கேகான்ஃபிக் கதைலேர்ந்து எடுத்துக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. அதுக்கு முன்னாடி லினக்ஸ்ல இருந்த பழைய சிஎம்எல்1ங்கற கான்ஃபிக் மொழிக்கு வரி வரியா கேள்வி கேக்கறதுக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், மெனுவுக்கு வேற ஒண்ணு, விண்டோ வெச்ச எக்ஸ்கான்ஃபிக்குக்கு டிசிஎல்-டிகே அடிப்படைல இன்னொண்ணுன்னு மூணு முகம், ஒவ்வொண்ணும் அதே விதி ஃபைல தன் போக்குல படிச்சுது. ஒண்ணுல செல்லுபடியானது இன்னொண்ணுல இடறும். 2002ல 2.5.45ல ரோமன் சிப்பல் எழுதினது உள்ள வந்தப்ப தான் பார்சரும் (விதி ஃபைல படிச்சுப் புரிஞ்சுக்கற பகுதி) விதிகளைப் பாக்கற வேலையும் ஒரே இடத்துக்கு வந்துச்சு, மெனு எல்லாம் அது மேல ஒட்டின தோல் மாதிரி ஆயிடுச்சு. உங்களுக்கும் கன்சோல், எல்சிடி, வெப்னு மூணு முகம். இந்த மூணுக்கும் தனித்தனியா செட்டிங் லிஸ்ட் எழுதினீங்கன்னா பழைய லினக்ஸ் பட்ட பாடு தான்.

ரன்லூப்:
கோடு புரியுது. பில்ட் விஷயம் ஹெடர்லயே இருக்கட்டும், எனக்கு ரன்டைம் தான் முக்கியம். அப்ப மெனுவ எப்படி வரையறதுன்னு...

டேபிள்டிரிவன்:
மெனு வரையறத கடைசில வெச்சுக்கோங்க சகோ, அது சாயங்காலத்துல முடியற வேலை. முதல்ல செட்டிங்னா என்னன்னு ஒரு விவரப் பட்டியல் வேணும். ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு கான்ஸ்ட் ஸ்ட்ரக்ட், அது ஃபிளாஷ்லயே கிடக்கும், ரேம் சாப்பிடாது. நான் போடறது இப்படி: கீ பேருக்கு ஒரு பாயிண்டர், திரைல காட்டற லேபிளுக்கு ஒண்ணு, டைப் ஒரு பைட், ஃபிளாக் ஒரு பைட், நம்பர் ஐடி ரெண்டு பைட், அப்புறம் குறைஞ்ச மதிப்பு, கூடின மதிப்பு, டிஃபால்ட், நிஜ மதிப்பு உக்காந்திருக்கற வேரியபிளோட பாயிண்டர், மாறினா கூப்பிட வேண்டிய கால்பேக், எல்லாம் நாலு நாலு பைட். கூட்டினா 32 பைட். 60 செட்டிங் வெச்சாலும் 1920 பைட், எழுத்துக்களுக்கு இன்னொரு 2 கேபி வெச்சுக்கோங்க. 64 கேபில இது தாங்கும்.

இதுக்கப்புறம் கன்சோல் முகம்ங்கறது இந்த டேபிள் மேல ஒரு லூப், எல்சிடி முகம் இன்னொரு லூப். ரேஞ்ச் செக் முகத்துக்குள்ள வரவே கூடாது, செட் பண்ற ஒரே ஃபங்ஷனுக்குள்ள மட்டும் தான். அப்ப தான் நாளைக்கு வெப் பேஜ் எழுதறவன் செக் போட மறந்தாலும் கெடுதல் இல்ல.

பிட்பேங்:
டேபிள எங்க வைக்கறதுங்கறது தான் சண்டை வர்ற இடம். ஒரே ஃபைல்ல எக்ஸ்-மேக்ரோவா (ஒரே பட்டியல வெச்சு பல இடத்துக்கு கோட் உருவாக்கற சி வித்தை) எல்லாத்தையும் அடுக்கினா படிக்க சுகம், ஆனா ஒவ்வொரு டிரைவர் எழுதறவரும் அந்த ஃபைல தொடணும், டிரைவர எடுத்துட்டா அதுலயும் போய் எடுக்கணும். இன்னொரு வழி, ஒவ்வொரு மாட்யூலும் தன் செட்டிங்க தன் சி ஃபைல்லயே எழுதி ஒரு தனி லிங்கர் செக்ஷன்ல (லிங்கர்னா கம்பைல் ஆன ஃபைல்கள ஒரே இமேஜா ஒட்டற டூல்) போட்டுடறது. செக்ஷன் பேர் சி மொழில ஒரு வேரியபிள் பேரா இருக்க முடியற மாதிரி வெச்சா க்னூ லிங்கரே அந்த செக்ஷன் எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு ரெண்டு சிம்பல் போட்டுக் குடுத்துடும், நடுவுல இருக்கறத அரே மாதிரி நடந்து போயிடலாம். டிரைவர பில்ட்லேர்ந்து எடுத்தா அதோட செட்டிங்கும் மெனுலேர்ந்து தானா காணாம போயிடும், அது தான் அழகு.

ஹெக்ஸ்டம்ப்:
அழகு தான், ஆனா லிங்கர் ரெண்டு விதத்துல காலை வாரும், சொல்லிடறேன். லிங்கர் ஸ்கிரிப்ட்ல அந்த செக்ஷனுக்கு கீப் (தூக்காதேன்னு சொல்ற குறிப்பு) போடலன்னா, யூஸ் ஆகாத செக்ஷன தூக்கற ஆப்ஷன் ஆன்ல இருக்கும்போது லிங்கர் பாட்டுக்கு துடைச்சிட்டு போயிடலாம். அது கூட சீக்கிரம் கண்டுபிடிச்சிடலாம். ரெண்டாவது தான் மோசம். டிரைவர ஸ்டாடிக் லைப்ரரியா கட்டி வெச்சிருந்தீங்கன்னா, அந்த ஆப்ஜெக்ட் ஃபைல்லேர்ந்து வெளில யாரும் ஒரு சிம்பல கூட கேக்கலன்னா லிங்கர் அந்த ஃபைலயே உள்ள எடுக்காது, கீப் போட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்ல. எரர் வராது, வார்னிங் வராது, மெனுல ஒரு ஐட்டம் மட்டும் இருக்காது. அதனால பூட் ஆகும்போது மொத்தம் எத்தனை செட்டிங் ரெஜிஸ்டர் ஆச்சுன்னு ஒரு வரி லாக் போட்டுக்கோங்க, குறைஞ்சா கண்ணுல படும்.

டேபிள்டிரிவன்:
ஆர்டரும் லிங்கர் கைல போயிடும், மறக்காதீங்க. மெனு வரிசைக்கு தனியா ஒரு எண் வேணும்.

பழையபூட்லோடர்:
எனக்கென்னவோ இவ்ளோ தேவையான்னு தோணுது. ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வெச்சு கீ ஈக்வல்ஸ் வேல்யூன்னு எழுதிட்டா எடிட்டர்ல மாத்திக்கலாம், வெர்ஷன் கண்ட்ரோல்ல போடலாம், டிஃப் பாக்கலாம், நூறு டிவைஸுக்கு காப்பி பண்ணலாம். மெனுல நாப் திருப்பித் திருப்பி நூறு டிவைஸ செட் பண்ண யாருக்கு பொறுமை இருக்கு?

ரன்லூப்:
இதுல ஃபைல் சிஸ்டமே இல்லையே தலைவரே.

பழையபூட்லோடர்:
ஃபைல் சிஸ்டம் எதுக்கு? கன்சோல்ல ஒரு எக்ஸ்போர்ட் கமாண்ட், எல்லா செட்டிங்கையும் வரி வரியா கக்கணும். அதே வரிகள திரும்ப ஒட்டினா இம்போர்ட் ஆகணும். ரவுட்டர்களுக்கான ஓபன்வர்ட்டோட செட்டிங்ஸ் கருவி யுசிஐல எக்ஸ்போர்ட் இம்போர்ட் இருக்கற மாதிரி.

டேபிள்டிரிவன்:
அதுவும் அதே டேபிள் மேல இன்னொரு லூப் தான், நாலாவது முகம்னு வெச்சுக்கலாம், நீங்க எங்க கட்சிக்கே தான் பேசறீங்க :) ஆனா ஐடியா நல்லது. டிஃபால்ட்லேர்ந்து மாறினத மட்டும் கக்கினா இன்னும் நல்லது, லினக்ஸ்ல சேவ்டெஃப்கான்ஃபிக் பண்ற மாதிரி. சப்போர்ட்டுக்கு ஒருத்தர் கேக்கும்போது அஞ்சு வரி அனுப்பினா போதும். பாஸ்வேர்ட் மாதிரி ஐட்டத்துக்கு ஒரு ரகசிய ஃபிளாக் வெச்சு எக்ஸ்போர்ட்ல நட்சத்திரம் மட்டும் போடுங்க, திரைலயும் அப்படியே. இம்போர்ட் பண்ணும்போது நட்சத்திரமா இருந்தா அந்த வரிய விட்டுடணும், இல்லன்னா பாஸ்வேர்டே நட்சத்திரம் ஆயிடும்.

நார்ஃபிளாஷ்:
சேவ் பண்றதப் பத்தி யாரும் வாயே திறக்கலியே. அந்த ஸ்ட்ரக்ட் அப்படியே கொட்டறது இருக்கே, அதை இன்னைக்கே நிறுத்துங்க. நடுவுல ஒரு ஃபீல்ட் சேத்தா அடுத்த ஃபர்ம்வேர்ல பின்னாடி இருக்கறது எல்லாம் நகர்ந்து போய் கேட்வே அட்ரஸ் இருக்க வேண்டிய இடத்துல பிரைட்னஸ் உக்காந்திருக்கும்.

அந்த சிப்ல ஃபிளாஷ் பேஜ் 1 கேபி, அழிச்சு எழுதற ஆயுசு 10,000 தடவைன்னு டேட்டாஷீட் உத்தரவாதம். அழிச்சா எல்லா பிட்டும் 1 ஆகும், எழுதும்போது 1லேர்ந்து 0க்கு போறது மட்டும் தான். அதனால ஒரே இடத்த அழிச்சு அழிச்சு எழுதாம லாக் மாதிரி பின்னாடியே சேத்துட்டு போங்க. ஒரு ரெக்கார்ட் 8 பைட், ஐடி ரெண்டு, மதிப்பு நாலு, சிஆர்சி (ரெக்கார்ட் கெட்டிருக்கான்னு பாக்கற செக்சம்) ரெண்டு. ஒரு பேஜ்ல 128 இடம், ஹெடருக்கு ஒண்ணு போனா 127. ஒரே ஐடி பல தடவை இருந்தா கடைசியா இருக்கறது தான் செல்லும். பேஜ் நிறைஞ்சா கடைசி மதிப்புகள மட்டும் ரெண்டாவது பேஜுக்கு எடுத்துட்டு போய், அது முழுசா எழுதி முடிஞ்சப்புறம் அதோட ஹெடர எழுதி, அதுக்கப்புறம் தான் பழச அழிக்கணும். நடுவுல கரண்ட் போனா எந்த பேஜ்ல சரியான ஹெடர் இருக்கோ அது ஜெயிக்கும். ரெண்டுலயும் இருந்தா சீக்வென்ஸ் நம்பர் பெருசா இருக்கறது. அந்தக் கணக்குப்படி ரெண்டு பேஜுக்கும் சேத்து 25 லட்சம் ரைட் வரும்.

ஹெக்ஸ்டம்ப்:
25 லட்சம் வராது. 60 செட்டிங்கும் டிஃபால்ட்லேர்ந்து மாறியிருந்தா, ஒவ்வொரு தடவை பேஜ் மாறும்போதும் 60 ரெக்கார்ட் கூடவே வரும், மிச்சம் 67 இடம் தான். 10,000 தடவை, ரெண்டு பேஜ், அப்ப 13.4 லட்சம். அதுவே தாராளம்ங்கறது வேற விஷயம். டிஃபால்ட்டா இருக்கறத எழுதாம விட்டா இன்னும் கூடும்.

நார்ஃபிளாஷ்:
சரியா தான் சொல்றீங்க. ஆனா தாராளம்னு நினைச்சு நாப் ஒவ்வொரு கிளிக்குக்கும் எழுதிடாதீங்க. ஆயுசு மட்டும் பிரச்சனை இல்ல, அந்த சிப்ல ஒரு பேஜ் அழிக்க 20லேர்ந்து 40 மில்லிசெகண்ட் ஆகும், அந்த நேரத்துல ஃபிளாஷ்லேர்ந்து இன்ஸ்ட்ரக்ஷன் எடுக்க முடியாம சிபியு நின்னுடும், ஃபிளாஷ்ல இருக்கற இன்டரப்ட் ஹேண்ட்லரும் சேந்து தான் நிக்கும். 115200 வேகத்துல சீரியல் ஓடுதுன்னா ஒரு பைட்டுக்கு 86 மைக்ரோசெகண்ட் சொச்சம், 40 மில்லிசெகண்ட்ல 460 பைட் வந்து போயிடும். டிஎம்ஏ (சிபியு இல்லாமலே டேட்டாவ நகர்த்தற ஹார்ட்வேர்) வெச்சு ரேம்ல வாங்கிட்டு இருந்தா தப்பிச்சீங்க. அதனால யூசர் மெனுவ விட்டு வெளில வந்தப்புறமோ, கை வெச்சு ரெண்டு செகண்ட் ஆனப்புறமோ சேவ் பண்ணுங்க.

ரன்லூப்:
இதத்தான் எதிர்பாக்கல. ரெக்கார்ட்ல நம்பர் ஐடி, மெனுல கீ பேர்னு ரெண்டும் எதுக்குன்னு கேக்கலாமா? இஎஸ்பி-ஐடிஎஃப்ல பேர் மட்டும் தானே வெக்கறாங்க.

நார்ஃபிளாஷ்:
அவங்க எழுத்துப் பேரயே ஃபிளாஷ்ல எழுதறாங்க, அதுக்குத்தான் பேர் 15 எழுத்துக்கு மேல போகக்கூடாதுன்னு கட்டுப்பாடு. அங்க இடம் இருக்கு, செய்யறாங்க. உங்ககிட்ட ரெக்கார்டே 8 பைட். பேர் மனுஷனுக்கு, எக்ஸ்போர்ட்டுக்கு. ஐடி ஃபிளாஷுக்கு. பேர எப்ப வேணா மாத்தலாம், ஐடிய ஒரு தடவை குடுத்தா குடுத்தது தான். ஸ்ட்ரிங் செட்டிங்குக்கு மட்டும் நீளம் போட்ட வேற ரெக்கார்ட் வகை வேணும், அது கொஞ்சம் தொல்லை.

கமிட்டர்:
லேட்டா வரேன். எல்லாரும் சேவ் பத்தி பேசறீங்க, என்னைக் கேட்டா நிஜமான கஷ்டம் அமல்படுத்தறதுல தான் இருக்கு. பிரைட்னஸ்னா நாப் திருப்பும்போதே மாறணும், இல்லன்னா யூசருக்கு தெரியாது. ஐபி அட்ரஸ் அப்படி மாறினா? அட்ரஸ மாத்தியாச்சு, மாஸ்க்கும் கேட்வேயும் இன்னும் பழசு, நெட்வொர்க் பாதில அறுந்து தொங்கும். மூணும் சேந்து ஒரே மூச்சுல மாறணும். இன்னும் சிலது ரீபூட் ஆனா தான் மாறும்.

அதனால ஃபிளாக்ல மூணு வகை வெச்சுக்கோங்க: உடனே, குரூப்பா, ரீபூட்டுக்கு அப்புறம். குரூப் வகைக்கு ஒரு தற்காலிக காப்பி, யூசர் அதுல தான் எழுதறார், அந்த பக்கத்த விட்டு வெளில வரும்போது மொத்தத்தையும் செக் பண்ணி ஒரே கமிட். ஸெஃபிரோட செட்டிங்ஸ் பகுதில ஹேண்ட்லருக்கு செட்னு ஒண்ணு கமிட்னு ஒண்ணு தனித்தனியா இருக்கறது இதுக்குத்தான். யுசிஐலயும் செட் பண்ணா மட்டும் போதாது, கமிட் பண்ணணும், அதுக்கப்புறம் சர்வீஸ ரீலோட் பண்ணா தான் நிஜத்துல மாறும். ரேஞ்ச் செக் ஒரு செட்டிங்குக்கு, கமிட் செக் ஒரு குரூப்புக்கு. கேட்வே அதே சப்நெட்ல இருக்கான்னு ஒரு தனி செட்டிங்கால எப்படி சொல்ல முடியும்?

இன்னொண்ணு, தன் கிளைய தானே வெட்டற செட்டிங் சிலது உண்டு. சீரியல் கன்சோல்ல உக்காந்துட்டு சீரியல் வேகத்த மாத்தறது. வெப் பேஜ்லேர்ந்து ஐபி மாத்தறது. ஜூனிப்பர் ரவுட்டர்கள்ல கமிட் கன்ஃபர்ம்ட்னு ஒரு வசதி இருக்கு, புது கான்ஃபிக் அமலுக்கு வரும், ஆனா டிஃபால்ட்டா 10 நிமிஷத்துக்குள்ள மறுபடி உறுதி பண்ணலன்னா பழசுக்கு திரும்பிடும். உங்களுக்கு 10 நிமிஷம் வேணாம், 15 செகண்ட் போதும். புது வேகத்துல ஒரு என்டர் வந்தா வெச்சுக்கோ, வரலன்னா பழசு. உறுதியாகற வரைக்கும் ஃபிளாஷ்ல எழுதவே கூடாது, அப்ப கரண்ட எடுத்துப் போட்டாலும் பழசு தான் வரும்.

பிட்பேங்:
+1. இது இல்லாம சீரியல் வேகத்த மெனுல வெக்கறதுக்கு வெக்காமலே இருக்கலாம்.

ரன்லூப்:
நல்ல வேளை கேட்டேன். அடுத்த சந்தேகம், டிஹெச்சிபி (நெட்வொர்க்கே ஐபி அட்ரஸ் குடுக்கறது) ஆன்ல இருந்தா ஐபி வரிய மறைக்கணும். இந்த டிபெண்டன்சிய எப்படி எழுதறது? கேகான்ஃபிக் மாதிரி எக்ஸ்பிரஷன் பார்சர் ஒண்ணு எழுதணுமா?

ஹெக்ஸ்டம்ப்:
வேணவே வேணாம். ஐடி ஒண்ணு, மதிப்பு ஒண்ணு, இந்த செட்டிங் இந்த மதிப்புல இருந்தா காட்டு, அவ்ளோ தான், கூடுதலா 4 பைட். அதுக்கு மேல சிக்கலா வந்தா டிபெண்டன்சி சிக்கல் இல்ல, மெனு அமைப்பே சரியில்லன்னு அர்த்தம். முக்கியமா ஒண்ண ஆன் பண்ணா இன்னொண்ணு தானா ஆன் ஆகற வேலை வெக்காதீங்க. கேகான்ஃபிக்ல செலக்ட் இருக்கே, அது டிபெண்டன்சிய பாக்காமலே மதிப்ப திணிச்சிடும், ஜாக்கிரதையா யூஸ் பண்ணுங்கன்னு கர்னல் டாக்குமென்ட்லயே எழுதி வெச்சிருக்காங்க.

மறைக்கறது வேற, மதிப்ப அழிக்கறது வேற. கேகான்ஃபிக்ல ஒரு ஆப்ஷன அணைச்சு சேவ் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணா, அதுக்குக் கீழ நீங்க போட்டிருந்தது போயிருக்கும், மறைஞ்சது ஃபைல்ல எழுதப்படாது. பில்ட்டுக்கு அது சரி. டிவைஸ்ல டிஹெச்சிபிய ஆன் பண்ணி பாத்துட்டு திரும்ப அணைச்சா, முன்ன கைல போட்ட ஐபி அப்படியே இருக்கணும், இல்லன்னா யூசர் திட்டுவார்.

டேபிள்டிரிவன்:
மெனு மரம் பத்தியும் ஒண்ணு. ஒவ்வொரு மாட்யூலும் தன் செட்டிங்க தானே ரெஜிஸ்டர் பண்ணுதுங்கறதால மெனுவும் மாட்யூல் வாரியா விழுந்திடும், எஸ்பிஐ டிரைவர், டிஸ்ப்ளே டிரைவர், டைமர்னு. யூசருக்கு டைமர் டிரைவர் தெரியுமா? அவருக்குத் தெரிஞ்சது திரை அணைய எத்தனை செகண்ட்ங்கறது. சொந்தக்காரன் யாருங்கறதும் மெனுல எங்க தெரியுதுங்கறதும் ரெண்டு தனி ஃபீல்டா இருக்கணும். 64 பிக்சல் உயரத்துல 8 பிக்சல் எழுத்துன்னா 8 வரி, தலைப்புக்கு ஒண்ணு போனா 7. 6 பிக்சல் அகலம்னா ஒரு வரிக்கு 21 எழுத்து, அதுல மதிப்புக்கும் இடம் வேணும், அதனால லேபிள் 14க்குள்ள நிக்கட்டும். நீளமான விளக்கம் கன்சோலுக்கு மட்டும் போதும். ரெண்டு மட்டத்துக்கு மேல ஆழம் போனா நாப் வெச்சு திரும்பி வர்றதுக்குள்ள எங்க இருந்தோம்னே மறந்திடும்.

பழையபூட்லோடர்:
ஃபேக்டரி ரீசெட்டும் இந்த டேபிள்லேர்ந்தே வருமே, எல்லாத்துக்கும் டிஃபால்ட் இருக்கே.

கமிட்டர்:
வரும், ஆனா எல்லாத்தையும் துடைக்காதீங்க. சென்சார் காலிப்ரேஷன், சீரியல் நம்பர், மேக் அட்ரஸ் இதெல்லாம் செட்டிங் மாதிரி தெரியும், ஆனா செட்டிங் இல்ல. அதுக்கு ஒரு ஃபிளாக் போட்டு ரீசெட் தொடாம விடணும், முடிஞ்சா வேற பேஜ்லயே வெச்சிடுங்க. பூட் ஆகும்போது ஒரு பட்டன அழுத்தி வெச்சா ரீசெட்டுங்கற வழியும் வேணும், மெனுக்கே போக முடியாத மாதிரி கான்ட்ராஸ்ட பூஜ்யம் பண்ணி வெக்கறவங்க இருக்காங்க. இல்லன்னா கான்ட்ராஸ்டோட குறைஞ்ச மதிப்ப கண்ணுக்கு தெரியற அளவுல வெச்சிடுங்க, ரெண்டும் செஞ்சாலும் தப்பில்ல.

ரன்லூப்:
கடைசியா ஒண்ணு. இப்ப ஸ்கிரீன் டைம்அவுட் செகண்ட்ல இருக்கு, நாளைக்கு மில்லிசெகண்டா மாத்தினேன்னா பழைய டிவைஸ்ல 30ன்னு சேவ் ஆயிருக்கறது 30 மில்லிசெகண்டா ஆயிடுமே? ஃபிளாஷ்ல வெர்ஷன் நம்பர் ஒண்ணு வெச்சு மைக்ரேஷன் கோட் எழுதணுமா?

நார்ஃபிளாஷ்:
ஐடி குடுத்தா குடுத்தது தான்னு சொன்னேன்ல, அது இதுக்குத்தான். அர்த்தம் மாறினா புது ஐடி போடுங்க, பழைய ஐடிய கல்லறைல போட்டுடுங்க, மறுபடி யாருக்கும் குடுக்கக்கூடாது. பூட்ல புது ஐடிக்கு ரெக்கார்ட் இல்ல, பழசுக்கு இருக்குன்னா ஆயிரத்தால பெருக்கி எடுத்துக்கோ, அது ஒரு வரி. மொத்தத்துக்கும் ஒரு வெர்ஷன் நம்பர் வெச்சா 3லேர்ந்து 7க்கு ஒரே தாவா தாவற டிவைஸுக்கு எல்லா படியும் எழுதிட்டே இருக்கணும். அப்புறம் டேபிள்ல தெரியாத ஐடி ஃபிளாஷ்ல இருந்தா அழிக்காதீங்க, பேஜ் மாறும்போது அதையும் தூக்கிட்டு போங்க. புது ஃபர்ம்வேர் பிடிக்காம பழசுக்கே திரும்பறவங்களுக்கு பழைய மதிப்பு அப்படியே கிடைக்கும்.

ஹெக்ஸ்டம்ப்:
அப்ப அந்த 67 இன்னும் குறையும். தேவைப்பட்டா மூணாவது பேஜ் ஒதுக்கிக்கலாம். ஒரே ஐடிய ரெண்டு மாட்யூல் போட்டுடாம இருக்க பில்ட்ல ஒரு ஸ்கிரிப்ட் ஓட விடுங்க, மேப் ஃபைல்ல தேடினா கிடைக்காது, அந்த செக்ஷன ஆப்ஜெக்ட் டம்ப் பண்ணி ஐடி பைட்ட மட்டும் படிச்சு ஒப்பிடுங்க. ஐடி ஒவ்வொரு 32 பைட்லயும் 10வது பைட்லேர்ந்து ஆரம்பிக்கும், ஆஃப்செட் பூஜ்யத்துலேர்ந்து எண்ணினா. டிபெண்டன்சிக்கு 4 பைட் சேத்தா 36ஆ ஆகும், ஸ்கிரிப்ட்ல மாத்த மறக்காதீங்க.